இரண்டு பெயரையும் கேட்ட முத்துலட்சுமி

செய்தி வந்தபோது நான் ஒரு மாப்பிள்ளையின் மூக்கடியில் விழுந்திருந்த நிழலை அழித்துக்கொண்டிருந்தேன். காலை நேரம். ஸ்டூடியோவில் அப்போதுதான் பத்தி கொளுத்தியிருந்தார்கள். முதலாளி ஞானராஜ் அண்ணன் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார். எப்போதும் "ஸ்தோத்திரம்" என்று சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார். அன்று அதைச் சொல்லவில்லை. "விசயா, முத்து போயிருச்சு தாயி. சொந்த ஊரு தேவாரத்துக்கே கொண்டாறாக. கடையச் சாத்திட்டு எல்லாரும் நேரா அங்கன வந்துருங்க" என்றார். நான் "சரிண்ணே" என்று மட்டும் சொன்னேன். எழுவதற்கு முன் மாப்பிள்ளையின் படத்தை ஒழுங்காகச் சேமித்து வைத்தேன். கை அதுபாட்டுக்கு அந்த வேலையைச் செய்தது. நாற்காலியை விட்டு எழுந்த பிறகுதான் அழுகை வந்தது.

நம் சங்கத்தின் இந்த மலரைப் படிக்கிற ஒளிப்படக்காரர்களில் முத்துலட்சுமியைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. தேனியிலிருந்து கூடலூர் வரைக்கும் எந்த ஸ்டூடியோவில் ஹார்ட் டிஸ்க் கரகரவென்று சத்தம் போட்டாலும் அவளுடைய ஸ்கூட்டிதான் வாசலில் வந்து நிற்கும். குமுளிப் பக்கத்திலிருந்து மலையாளிக் கடைக்காரர்கள் கணினியைத் துணியில் சுற்றி ஜீப்பில் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர்களிடம் "பேடிக்கண்டா சேட்டா" என்று மலையாளத்தில் தைரியம் சொல்லிவிட்டு, என்னிடம் திரும்பி, "பயப்பட வேண்டிய கேசுதான்" என்று தமிழில் முணுமுணுப்பாள். மஞ்சள் காமாலை வந்து சேர்ந்து, முற்றி, இத்தனை சீக்கிரம் அவளைக் கொண்டுபோகும் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. சாகிற வயதா அது? அவளைப் போன்றவர்களை எடுத்துக்கொண்டுபோய் எமன் எந்தக் கணினியைப் பழுது பார்க்கப் போகிறான் என்று எனக்குக் கோபமாகத்தான் இருக்கிறது.

'அவர்' என்று எழுதுவதுதான் முறை. எழுதிப் பார்த்தேன். யாரோ தாலுகா அலுவலக அதிகாரியைப் பற்றி எழுதுவதுபோல இருந்தது. ஆகவே முத்து, அவள் என்றே எழுதுகிறேன். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்பவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

நானும் அவளும் தேனியில் ஒரே கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தோம். தொண்ணூறுகளின் கடைசி. ஊரெல்லாம் கம்ப்யூட்டர் படித்தால்தான் வேலை என்று பேசிக்கொண்ட காலம். கணினிகள் குறைவு என்பதால் ஒன்றுக்கு இரண்டு பேராக உட்கார வைத்தார்கள். எனக்குப் படம் வரைகிற மென்பொருள்கள்தான் பிடித்தன. அவளுக்குக் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும். "அது கிட்ட என்னத்தப் பேசுவ?" என்று கேட்டால், "அதுதான் ஆத்தா வளவளன்னு பேசாம கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுது. ஒன்னய மாதிரி இல்ல" என்பாள். உலகத்தில் உள்ள பெண்கள் எல்லாரும் அவளுக்கு ஆத்தாதான். கணினியும் ஆத்தாதான். அது மக்கர் பண்ணினால் மட்டும் "ஏலே" என்று ஆண்பால் ஆகிவிடும்.

போடி கடைவீதியில் ஞானராஜ் அண்ணனின் ஸ்டூடியோவில் இருவருமே வேலைக்குச் சேர்ந்தோம். அவருடைய அப்பா டேனியல் ஐயா ஆரம்பித்த கடை. ஏலக்காய் மணக்கிற அந்தத் தெருவில் எங்கள் கடை வாசலில் மட்டும் படம் கழுவுகிற மருந்து வாடை அடிக்கும். பிறகு டிஜிட்டல் கேமரா வந்தது, மருந்து வாடை போயிற்று, இருட்டறை இருந்த இடத்தில் கணினிகள் வரிசையாக உட்கார்ந்தன. நான் கல்யாண ஆல்பம் வடிவமைப்பேன். முத்து கணினிகளைப் பார்த்துக்கொள்வாள். எடுத்த படங்களை ஒழுங்காக அடுக்கிவைப்பது அவள் பொறுப்பு. அதற்காக அவள் சின்னச் சின்னப் பேட்ச் ஃபைல்கள் எழுதுவாள். நாலைந்து வரிக் கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி வைத்தால், கணினி அதை மேலிருந்து கீழாகப் படித்து ஒவ்வொன்றாகச் செய்யும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த நாலைந்து வரியில் அவள் எவ்வளவு யோசிப்பாள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

விண்டோஸ் தன்னைப் பற்றிய சில விவரங்களுக்குப் பெயர் வைத்து வைத்திருக்கிறது. இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே யூசர்நேம் என்று எழுதினால், இப்போது யார் உள்ளே நுழைந்திருக்கிறார்களோ அவர் பெயர் அந்த இடத்தில் வந்து நிற்கும். கம்ப்யூட்டர்நேம் என்று எழுதினால் அந்தக் கணினியின் பெயர் வரும். இப்படி ஏகப்பட்டது உண்டு. அதில் பல, பார்ப்பதற்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். எதைப் போட்டாலும் இன்றைக்கு வேலை நடந்துவிடும். தப்பான ஒன்றைப் போட்டது என்றைக்கோ ஒருநாள்தான் தெரியவரும். முத்துவுக்கு அந்த 'என்றைக்கோ ஒருநாள்' மேல்தான் பயம்.

கம்பத்தில் ஒரு ஸ்டூடியோவில் நடந்தது நினைவுக்கு வருகிறது. கடைக்காரர் வயதானவர், நல்ல மனுசர். போனால் பன்னீர் திராட்சை வாங்கி வைத்துவிட்டுத்தான் பேச்சே எடுப்பார். கணினி நிரம்பிவிட்டது, குப்பையைக் காலி பண்ண வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார். நானும் துணைக்குப் போயிருந்தேன். தற்காலிகக் குப்பை சேருகிற இடத்தைக் குறிக்க விண்டோஸில் டெம்ப் என்று ஒரு பெயர் உண்டு, டி.எம்.பி. என்று இன்னொன்றும் உண்டு. பெரும்பாலும் இரண்டும் ஒரே இடத்தைத்தான் காட்டும். வேறு யாராக இருந்தாலும் ஏதோ ஒன்றைப் போட்டு, அழி என்று சொல்லிவிட்டுத் திராட்சையைத் தின்னப் போயிருப்பார்கள். முத்து அப்படிச் செய்யமாட்டாள். எந்தப் பேட்ச் ஃபைல் எழுதினாலும் முதலில் அதை ஒரு வேலையும் செய்ய விடமாட்டாள். அந்தப் பெயர்கள் எந்த இடத்தைக் காட்டுகின்றன என்று திரையில் எழுதிக் காட்ட மட்டும் சொல்வாள். "மொதல்ல வாயத் தொறக்கச் சொல்லணும். பெறகுதான் கையில வேலையக் குடுக்கணும்" என்பாள்.

அன்று திரையில் இரண்டு பெயரும் இரண்டு இடத்தைக் காட்டின. டி.எம்.பி. காட்டிய இடத்தைத் திறந்தால், காது குத்து, மொட்டை, கறி விருந்து என்று அந்தப் பெரியவர் வீட்டுப் பேத்தியின் படங்கள். முன்னால் வந்த யாரோ ஒரு மெக்கானிக், இடம் போதவில்லை என்று அதை மட்டும் வேறு பக்கம் மாற்றிவிட்டுப் போயிருந்தான். "இதுக்குள்ள எதுக்குய்யா வச்சீக?" என்று முத்து கேட்டாள். "குப்பன்னு பேரு போட்டிருந்துச்சு தாயி. அங்கன எவனும் எட்டிப் பாக்க மாட்டான்ல, பத்திரமா இருக்கட்டுமேன்னு வச்சேன்" என்றார் அவர். பஸ்ஸில் திரும்பி வரும்போது, சின்னமனூர் வரை இருவரும் சிரித்துக்கொண்டே வந்தோம். பிறகு அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அவுக சொன்னதுலயும் ஞாயம் இருக்குல்ல? சனங்க அப்படித்தான் செய்வாக" என்றாள்.

எங்கள் கடைக்கு வருகிறேன். எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வேறு கடைகளில் கேள்விப்பட்டதில்லை. எல்லாக் கணினிகளிலும் உள்ளே நுழைகிற பெயர் டேனியல்தான். விண்டோஸ் திறக்கும்போது 'வெல்கம்' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் அப்பா பெயர் தெரிய வேண்டும் என்பது ஞானராஜ் அண்ணனின் ஆசை. காலையில் கடையைத் திறந்து எல்லாக் கணினிகளையும் போட்டுவிட்டு, வரிசையாக அப்பா பெயர் வருவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார். அதற்குப் பிறகுதான் ஜெபம்.

ஆகவே முத்து முதலில் பேட்ச் ஃபைல் எழுதியபோது யூசர்நேம் உதவாது என்று தெரிந்துகொண்டாள். யாரைக் கேட்டாலும் டேனியல் என்றுதானே வரும்? அவள் கம்ப்யூட்டர்நேம் போட்டாள். ஒவ்வொரு கணினிக்கும் சுருளி, வைகை, மேகமலை, குரங்கணி என்று நம் பக்கத்துப் பெயர்களாக வைத்து, ஸ்டிக்கரில் எழுதி முகப்பில் ஒட்டினாள். சாயங்காலம் பேட்ச் ஃபைல் ஓடும். அன்று எடுத்த படங்கள் எல்லாம் பெரிய சேமிப்புக் கணினிக்குப் போய், சுருளியின் படங்கள் சுருளி என்ற ஃபோல்டரிலும் வைகையின் படங்கள் வைகை ஃபோல்டரிலும் சேரும். சேர்ந்ததும் எங்கள் கணினிகளில் இருந்தவை அழிந்து இடம் காலியாகும். அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க்கில் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள இடம் ஏது?

ஆயுத பூசை அன்று இதில் ஒரு கூத்து நடந்தது. அண்ணன் பிராடஸ்டண்டுக்காரர் என்றாலும் எங்கள் பூசைக்குக் குறுக்கே நிற்கமாட்டார். "நீங்க பூசையப் போடுங்க, நான் அந்தப் பக்கம் ஒக்காந்து ஜெபம் பண்ணிக்கிறேன்" என்பார். பொரிகடலையை மட்டும் இரண்டு பங்காக வாங்கிக்கொள்வார். அந்த வருடம் கடைப் பையன்கள் உற்சாகமாகி, எல்லாக் கணினிகளையும் தூக்கிக்கொண்டுபோய் முற்றத்தில் வைத்து, தூசி ஊதி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். பொட்டு வைக்க வசதியான இடம் எது? முத்து ஒட்டிய வெள்ளை ஸ்டிக்கர்தான். எல்லாப் பெயர்கள் மேலும் சந்தனம் அப்பியிருந்தது. எது சுருளி, எது குரங்கணி என்று தெரியாமல், வெறும் பெட்டிகளைக் கிடைத்த மேசையில் வைத்துவிட்டார்கள்.

மறுநாள் நான் என் மேசையில் உட்கார்ந்தேன், ஆனால் அது என் கணினி இல்லை. என்னுடைய சுருளி, கேமராக்காரர் பாபுவின் மேசையில் இருந்தது. கம்பத்துப் பெண்ணின் நிச்சயதார்த்தப் படங்களைத் தேடினால் போடிக்காரர் வீட்டுச் சீமந்தம் வருகிறது. ஆளாளுக்குக் கத்துகிறோம். முத்து நடுவில் நின்றுகொண்டு, "சந்தனத்த எம்மேல அப்பியிருந்தாக்கூடச் சும்மா இருந்திருப்பேன்டா" என்று பையன்களைத் திட்டினாள்.

நான்தான் சொன்னேன், "மெஷினக் கேக்குறத விட்டுட்டு ஆளக் கேளு" என்று. அவரவர் பெயரில் நுழைந்தால், எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் படம் அவரவர் ஃபோல்டரில் சேருமே. அவள் ஒரு வாரம் என்னோடு வாக்குவாதம் செய்தாள். "மெஷினு எடத்த மாத்தும், ஆனா பேர மாத்தாது. மனுசன் பேர மாத்துவான் ஆத்தா" என்றாள். "எந்த மனுசன் பேரை மாத்துனான்? நீ சும்மா இரு" என்றேன். கடைசியில் அவளே யோசித்து, அதுவும் சரிதான் என்று ஒப்புக்கொண்டு, எல்லாருக்கும் தனித்தனிப் பெயர் போட்டுக் கொடுத்தாள். கம்ப்யூட்டர்நேம் இருந்த இடத்தில் யூசர்நேம் வந்தது. திரையில் எழுதிக் காட்டச் சொல்லிச் சோதித்துப் பார்த்தாள். விசயா, பாபு, முத்து என்று ஒழுங்காக வந்தது.

அண்ணனுக்குத்தான் முகம் வாடிவிட்டது. "முத்து, அப்பா பேர அடியோட எடுத்துறாத தாயி. யாரும் அதுல போக வேணாம். சும்மா ஒரு ஓரமாக் கெடந்துட்டுப் போகட்டும்" என்று கேட்டார். கணினிப் புத்தகம் எழுதியவர்கள் யாரும் ஒரு மகன் இப்படிக் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதவில்லை. அவள் டேனியல் என்ற பெயரை அழிக்காமல் விட்டாள்.

அடுத்து வந்த ஐப்பசியில் ஒரு பெரிய முகூர்த்த நாள். எங்கள் கடைக்கு மட்டும் நாலு கல்யாணம். அதில் ஒன்று கடமலைக்குண்டில். பெண்ணின் பெயர் ஈஸ்வரி. அவள் அப்பாவுக்கு நெஞ்சில் நோய். வைத்தியர்கள் கை விரித்துவிட்டதால், அவர் கண் பார்க்க நடக்கட்டும் என்று அவசரமாகக் கூட்டிய கல்யாணம். புக்கிங் கொடுக்க ஈஸ்வரியே கடைக்கு வந்திருந்தாள். கல்யாணப் பெண் தானே வந்து நிற்பது அபூர்வம். "என்னய எடுக்காட்டியும் பரவால்ல. எங்கப்பாவ நெறைய எடுங்க. வீட்டுல அவுக படமே இல்ல. ஓட்டுப் போடுற அட்டையில ஒண்ணு இருக்கு, அதுல அவுக மாதிரியே இல்ல" என்றாள். பாபு அப்படியே எடுத்துவந்தார். முகூர்த்தத்துக்கு மறுமாதம் அந்த மனிதர் இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும், மற்ற ஆல்பங்களை ஒதுக்கிவைத்துவிட்டு அதை முதலில் எடுத்தேன்.

சேமிப்புக் கணினியில் அந்தத் தேதியைத் திறந்தால், விசயா இல்லை, பாபு இல்லை. டேனியல் என்று ஒரே ஒரு ஃபோல்டர்தான் இருந்தது. உள்ளே ஒரே கல்யாணம். அது ஆண்டிபட்டிக்காரர்களின் கல்யாணம்.

என்ன நடந்தது என்று விசாரித்தபோது யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அந்த முகூர்த்த நாள், டேனியல் ஐயாவின் நினைவு நாளும்கூட. பையன்கள் கூடிப் பேசி, அண்ணன் மனம் குளிரட்டும் என்று எல்லாக் கணினியிலும் அன்று ஒருநாள் டேனியல் பெயரிலேயே நுழைந்திருக்கிறார்கள். வரிசையாக அப்பா பெயரைப் பார்த்து அண்ணன் கண் கலங்கியிருக்கிறார். சாயங்காலம் பேட்ச் ஃபைல் வழக்கம்போல ஓடி, யார் என்று கேட்டு, எல்லாக் கணினியும் டேனியல் என்று சொல்ல, எல்லாப் படத்தையும் ஒரே ஃபோல்டரில் கொட்டியிருக்கிறது. எங்கள் கேமராக்கள் எல்லாம் மெமரி கார்டை அழித்ததும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குபவை. நாலு கல்யாணத்துக்கும் படங்களின் எண்கள் ஒன்றே. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கடைசியாக வந்த கல்யாணம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. மற்ற இரண்டு வீட்டாருக்கும் அந்த வாரமே படங்களை சி.டி.யில் போட்டுக் கொடுத்திருந்ததால் அவை தப்பின. அந்தக் கல்யாணங்களை எடுத்த இருவரும், பேட்ச் ஃபைல் தொடாத இடத்தில் தங்கள் கணினியிலேயே ஒரு பிரதி வைத்திருந்து, அதிலிருந்து சி.டி. போட்டிருந்தார்கள். கடமலைக்குண்டுக் கல்யாணத்துக்கு மட்டும் வேறு பிரதியே இல்லை. கார்டிலும் அதற்குள் வேறு கல்யாணங்கள் எடுத்தாகிவிட்டது.

முத்து அந்த முகூர்த்த நாளில் தேவாரத்தில் சொந்தக்காரர் கல்யாணத்தில் இருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. பையன்கள், "நாங்கதான்க்கா பேர மாத்துனோம்" என்று தலையைக் குனிந்து நின்றார்கள். அண்ணன், "எம்மேலதான் தப்பு தாயி" என்றார். அவள் யாரையும் பார்க்கவில்லை. "ஒருநாள் இப்படிச் செய்வீகன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். பேர எடுத்திருக்கணும். இல்லயா, ஆளையும் கேட்டு மெஷினையும் கேட்டிருக்கணும். ஒண்ண மட்டும் கேட்டது நானு" என்றாள்.

அழிந்த படங்களைத் தேடி எடுக்கிற மென்பொருள்களை வைத்து அந்த வாரம் முழுக்கப் போராடினாள். சாப்பாட்டைத் திறப்பாள், ஒரு வாய் வைப்பாள், மூடிவைத்துவிடுவாள். கிடைத்தவை பெரும்பாலும் உடைந்த துண்டுகள். பந்தலின் மூலை, யாரோ ஒருவரின் வேட்டிக் கரை. கடைசியில் ஒரே ஒரு படம் பாதி வந்தது. தாரை வார்க்கும் நேரத்துப் படம். அந்த மனிதரின் தலைப்பாகை, முகம், தோள் வரை தெளிவாக இருந்தது. அதற்குக் கீழே சாம்பல் பட்டை. தண்ணீர் ஊற்றுகிற கை இல்லை, மகளும் இல்லை. ஆனால் முகம் இருந்தது. குனிந்து, எதையோ கவனமாகச் செய்கிற மனிதரின் முகம்.

"அந்தக் கையையும் பொண்ணையும் வேற கல்யாணத்துல இருந்து எடுத்து ஒட்டித் தரவா? ஒருத்தருக்கும் தெரியாது" என்று கேட்டேன். அது என் தொழில். அதில் எனக்குக் கர்வமும் உண்டு. "அந்தப் புள்ளைக்குத் தெரியும்ல" என்றாள். பாபு வேறொரு வழி சொன்னார்: "மெமரி கார்டு கெட்டுப்போச்சுன்னு சொல்லிருவோம். எல்லாக் கடையிலயும் அப்படித்தான சொல்றாக." முத்துவுக்கு அத்தனை கவலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "கார்டு பாவம் பாபு. அது ஒழுங்கா வேல பாத்துச்சு. அது தலையில கட்டாதீக."

அண்ணன் தானே போவதாகச் சொன்னார். அவள் விடவில்லை. நான் மட்டும் கூடப் போனேன். தேனியில் பஸ் மாறி, கண்டமனூர் வழியாகப் போனோம். அந்தப் பாதிப் படத்தைப் பெரிதாக்கி, அட்டையில் ஒட்டி, மடியில் வைத்திருந்தாள்.

வீட்டு வாசலில் ஈஸ்வரியின் அம்மா இலவம்பஞ்சிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். துக்கம் நடந்த வீடு என்பது அந்தக் கைகளின் மந்தத்திலேயே தெரிந்தது. ஈஸ்வரி மாமியார் வீட்டிலிருந்து வந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அதை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

"ஆல்பமாக்கா? அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?"

முத்து உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள். "ஆல்பம் இல்லம்மா. ஒங்க கல்யாணப் படமெல்லாம் போயிருச்சு. நான் எழுதுன ஒரு கட்டளையில தப்பு. நாந்தான் அழிச்சேன். தேடித் தேடிப் பாத்தேன், இது ஒண்ணுதான் கெடச்சுச்சு. இதுவும் பாதிதான்."

"எங்கப்பா படமுமா?"

"ஆமாம்மா."

ஈஸ்வரியின் அம்மா மடியில் இருந்த பஞ்சைத் தள்ளிவிட்டு எழுந்து, "பாவி மக்கா, நீங்க நல்லா இருப்பீகளா?" என்று கத்தினார். அக்கம்பக்கத்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு ஓடிவிட வேண்டும் போல இருந்தது. முத்து அசையவில்லை. காது கொடுத்து முழுக்கக் கேட்டாள். ஈஸ்வரி அழவும் இல்லை, திட்டவும் இல்லை. அட்டையை வாங்கினாள், அந்த முகத்தைப் பார்த்தாள், உள்ளே போனாள். வெயிலில் நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்தே, "போயிருங்க" என்று சொன்னாள். கதவு சாத்திக்கொண்டது.

திரும்பி வந்த மறுநாள் முத்து பேட்ச் ஃபைலைத் திறந்து, யூசர்நேமுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர்நேமையும் சேர்த்தாள். இருக்கிற படத்தின் மேல் இன்னொன்று ஏறப் பார்த்தால், வேலையை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடவும் சொல்லிக் கொடுத்தாள். "இனி எல்லாரும் டேனியல் ஐயாவா மாறுனாக்கூட ஒண்ணும் ஆகாது. மாறுங்க" என்று பையன்களிடம் சொன்னாள். டேனியல் பெயரை அதற்குப் பிறகும் அவள் அழிக்கவில்லை. கேட்டதற்கு, "பேரு மேல என்ன தப்பு இருக்கு? சனங்க செய்யிறதத் தாங்கிக்கிறதுக்குத்தான நம்ம எழுதுறோம்" என்றாள். அதற்குப் பிறகு இந்தப் பள்ளத்தாக்கில் எத்தனையோ ஸ்டூடியோக்களுக்கு அவள் அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறாள். உங்களில் பலர் கடையில் இன்றும் சாயங்காலம் அது ஓடுகிறது. ஏன் இரண்டு பெயர் என்று நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள். அவளும் சொல்லியிருக்கமாட்டாள்.

ஆனால் அந்தச் சாத்திய கதவு அவளை விடவில்லை. சில வருடங்களுக்குப் பிறகும், வேலைக்கு நடுவில் திடீரென்று, "அந்தப் புள்ள படத்த மாட்டி வச்சிருக்குமா, கிழிச்சுப் போட்டிருக்குமா விசயா?" என்று கேட்பாள். எனக்கு எப்படித் தெரியும்? "மாட்டியிருப்பா" என்று நான் சொல்வேன். அவள் நம்பமாட்டாள். மதுரை ஆஸ்பத்திரியில் கண்கள் மஞ்சளாகப் படுத்திருந்தபோதும் ஒருமுறை கேட்டாள். மீண்டும் கடமலைக்குண்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று எங்களுக்குத் தோன்றாமல் இல்லை. போயிருங்க என்று சொன்ன வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது?

தேவாரத்தில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். ஒளிப்படக்காரர்கள் நீங்கள் அத்தனை பேரும் வந்திருந்தீர்கள். கம்பத்துப் பெரியவர் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். எடுக்கப்போகிற நேரத்தில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. தேனி பஸ் ஸ்டாண்டுச் சுவரில் முத்துவின் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்திருக்கிறாள். பார்த்த இடத்திலேயே பஸ் மாறி ஏறி வந்திருக்கிறாள். கால்மாட்டில் உட்கார்ந்து, முத்துவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு பெருங்குரலெடுத்து அழுதாள். பெண்கள், "யாருத்தா நீ? முத்துவுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்கள்.

"எங்கப்பா படத்த அழிச்சது இந்தக்காதான்" என்றாள் ஈஸ்வரி. சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. "அழிச்சிட்டேன்னு சொல்றதுக்கு எங்க வீடு தேடி வந்துச்சு. வேற யாரு வந்திருப்பா? கெடச்ச மொகத்தக் கொண்டாந்து கையில குடுத்துச்சு. எம்மகன் தெனமும் தாத்தான்னு அதத்தான் கும்புடுறான். அந்த வெயில்ல நிக்கவச்சு, ஒரு வாய்த் தண்ணி குடுக்காம அனுப்பிச்சிட்டேனே."

முத்து கேட்டுக்கொண்டே இருந்த கேள்விக்குப் பதில் வந்து சேர்ந்தபோது கேட்பதற்கு அவள் இல்லை. நான் ஈஸ்வரியைத் தூக்கி நிறுத்தி, உள்ளே கூட்டிக்கொண்டுபோய் அவளுக்கும் பிள்ளைக்கும் தண்ணீர் கொடுத்தேன்.

அவளிடமிருந்து நான் எதை வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி முடிக்க வேண்டும். அவள் எழுதியவை எல்லாம் கடையில் இருக்கின்றன. ஒருநாள் கணினிகள் மாறும், அவையும் போகும். எனக்கு மிஞ்சுவது அந்த வாசல்தான். பொய் சொல்ல இரண்டு நல்ல வழிகள் கையில் இருந்தும், ஒரு பெண் வெயிலில் நின்று, தான் செய்ததைத் தன் வாயால் சொல்லி, வந்த வசவு முழுவதையும் வாங்கிக்கொண்டாள். அவ்வளவு தைரியம் எனக்கு வராது. ஆனால் அது எப்படி இருக்கும் என்று பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.